ஓதிய தண்ணீரும் உப்புத் தண்ணீரும்

நோயாளிக்குக் குர்ஆன் ஓதுவதைப் பற்றி முஸ்லிம்கள் அதிகம் எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி ஒரு தேள்கொட்டில் தொடங்குகிறது. நபித்தோழர்கள் சிலர் பயணத்தில் இருக்கிறார்கள். வழியில் ஒரு கூட்டத்தாரிடம் உணவு கேட்க, அவர்கள் கையை விரித்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் தலைவனைத் தேள் கொட்டிவிடுகிறது. தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்க்கிறார்கள், வலி அடங்கவில்லை. வேறு வழியின்றி, தாங்கள் சோறு மறுத்த வழிப்போக்கர்களிடமே வந்து நிற்கிறார்கள். தோழர்களில் ஒருவர் ஆட்டு மந்தை ஒன்றைக் கூலியாகப் பேசிக்கொண்டு, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதி ஊதுகிறார். தலைவன் எழுந்து நடக்கிறான். ஆடுகளைப் பங்கு வைப்பது சரிதானா என்ற தயக்கத்தோடு மதீனா திரும்பியவர்களிடம், அது ஓதிப்பார்க்கும் அத்தியாயம் என்று எப்படித் தெரிந்துகொண்டீர் என வியந்த நபிகள் நாயகம், பங்கில் தமக்கும் ஒன்று வைக்கச் சொன்னார். அபூ சயீத் அல்குத்ரீ வழியாக வந்த இந்தச் செய்தி புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு முதன்மை ஹதீஸ் நூல்களிலும் இருக்கிறது.

பயான் எனப்படும் மார்க்க உரைகளில் இந்தக் கதையைச் சொல்பவர்கள் நடுவில் வரும் ஒரு செய்தியை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். முதலில் வைத்தியம் நடந்தது. கைவசம் இருந்ததையெல்லாம் செய்து பார்த்த பிறகே ஓதுபவரைத் தேடி வந்தார்கள்.

இன்னொரு செய்தி அலீ (ரலி) வழியாக வருகிறது. தொழுதுகொண்டிருந்த நபிகள் நாயகத்தையே ஒரு தேள் கொட்டுகிறது. தொழுகை முடிந்ததும் அவர் தண்ணீரும் உப்பும் கொண்டுவரச் சொல்கிறார். கொட்டிய இடத்தில் உப்புத் தண்ணீரை ஊற்றித் தடவிக்கொண்டே குர்ஆனின் கடைசி அத்தியாயங்களை ஓதுகிறார். கை மருந்தில் இருக்கிறது, வாய் ஓதுதலில் இருக்கிறது. குர்ஆன் ஓதி நோய் தீருமா என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் இன்று நடக்கும் வாதங்கள் அனைத்துக்கும் இந்த உப்புத் தண்ணீரை அளவுகோலாக வைத்துப் பார்க்கலாம்.

பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் பெரம்பலூர்க் காடுகளில் தேளும் பாம்பும் புதியவை அல்ல. இந்தியச் செந்தேளின் நஞ்சு இதயத்தைத் தாக்கிப் பிள்ளைகளைக் கொன்றுகொண்டிருந்த காலத்தில், மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் பணியாற்றிய மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் மாத்திரை அந்த நஞ்சின் வேலையை முறிக்கிறது என்று 1980களில் எடுத்துக்காட்டினார். அதன் பிறகு செந்தேள் சாவுகள் பெருமளவு குறைந்தன. நபித்தோழர்கள் சந்தித்த கூட்டத்தாரிடம் அந்த மாத்திரை இல்லை. இன்றைய கூட்டத்தாரிடம் இருக்கிறது. ஆகவே வைத்தியம் எல்லாம் செய்து பார்த்தார்கள் என்ற சொற்களுக்கு இன்றைக்குள்ள பொருளும் விரிந்துவிட்டது.

பெரம்பலூர், அரியலூர் என்ற இரண்டு மாவட்டங்களும் அண்மைக்காலத்தில் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டவை. பெரம்பலூர் 1995-இல் திருச்சியிலிருந்து பிரிந்தது. அரியலூர் ஒருமுறை பிரிந்து, மீண்டும் சேர்ந்து, 2007 நவம்பரில் தனி மாவட்டமாக நிலைத்தது. இங்குள்ள முஸ்லிம் குடியிருப்புகளோ பழையவை. பெரம்பலூரை அடுத்த வாலிகண்டபுரம், பிஜப்பூர் சுல்தானின் ஆளுநராக இருந்த ஷேர்கான் லோடியின் இருப்பிடம். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு 1670களில் இடம் கொடுத்தவர் அவர்தான். சற்று வடக்கே, நெடுஞ்சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும் ரஞ்சன்குடிக் கோட்டை ஆற்காட்டு நவாபின் ஜாகீர்தார்களோடு தொடர்புடையது. மக்கள் தொகையால் முஸ்லிம் ஊர் என்று சொல்லத்தக்கவை, வெள்ளாற்றின் தென்கரையில் திட்டக்குடிக்கு எதிரே இருக்கும் லெப்பைக்குடிக்காடும், வேப்பந்தட்டை வட்டத்து வி.களத்தூரும். அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்தில் ஜமாஅத்துகள் சிறியவை. கடைவீதியை ஒட்டியே பள்ளிவாசலும் இருக்கும். கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் என்ற சட்டப்பிரிவைப் பின்பற்ற, இந்த உள்நாட்டு லெப்பை, ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபிகள்.

ஊர் எதுவானாலும் அந்திநேர மஃரிபு தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் ஒரு சிறு கூட்டம் நிற்பதைப் பார்க்கலாம். இடுப்பில் குழந்தை, கையில் தண்ணீர்ப் பாட்டில். நிற்பவர்களில் நெற்றியில் குங்குமமும் கழுத்தில் தாலிக்கயிறும் உள்ள பெண்கள் நிறைய. "ஹஜ்ரத், புள்ள ராத்திரியெல்லாம் வீல்வீல்னு அழுவுது, கொஞ்சம் ஓதி ஊதிவிடுங்க" என்று ஒருத்தி சொல்வாள். தொழுதுவிட்டு வெளியே வரும் பெரியவர்கள் ஒவ்வொருவராகக் குழந்தையின் தலையில் கைவைத்து, வாய்க்குள் ஓதி, மெல்ல ஊதிவிட்டுப் போவார்கள். முஸ்லிம் வீடுகளில் இதற்கு ஓதிப்பார்ப்பது என்று பெயர். மற்றவர்கள் மந்திரிப்பது என்பார்கள். காசு கேட்பதில்லை, உண்டியலில் எதையாவது போடுவது வருகிறவர்கள் விருப்பம்.

இந்த மண்ணுக்கு இது விநோதமும் அல்ல. திங்களும் வெள்ளியும் நடை திறக்கும் சிறுவாச்சூர் மதுரகாளியிடம் வேண்டிக்கொள்ள வருகிறவர்களும், ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலுக்கு நடந்து வருகிறவர்களும் ஒரே கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அரியலூர் மழவராயரின் ராஜபிளவையை வீரமாமுனிவர் குணப்படுத்தினார் என்பது ஏலாக்குறிச்சியின் கர்ணபரம்பரைக் கதை. அதிலும் பச்சிலையும் வேண்டுதலும் சேர்ந்தே வருகின்றன.

மூல நூலுக்குப் போனால், குர்ஆன் தன்னை நோய் தீர்ப்பதாகச் சில இடங்களில் சொல்லிக்கொள்கிறது. பத்தாவது அத்தியாயத்தின் 57-ஆம் வசனம் நெஞ்சங்களில் உள்ளவற்றுக்கான நிவாரணமாகத் தன்னைக் குறிப்பிடுகிறது. பதினேழாவது அத்தியாயத்தின் 82-ஆம் வசனமும், நாற்பத்தொன்றாவது அத்தியாயத்தின் 44-ஆம் வசனமும் நம்பிக்கை கொண்டவர்களுக்கு அது நிவாரணம் என்கின்றன. இறைவனை நினைவு கூர்வதால் உள்ளம் அமைதி பெறுவதைப் பேசுகிறது பதின்மூன்றாவது அத்தியாயம். ஆனால் உடல் நோயோடு சேர்த்து நிவாரணம் என்ற பேச்சு எழும் இடத்தில், பதினாறாவது அத்தியாயத்தில், குர்ஆன் சுட்டிக்காட்டுவது தேனை. நெஞ்சுக்கு வசனம், உடம்புக்குத் தேன் என்று கறாராகப் பிரித்துவிட முடியாது. விரிவுரையாளர்கள் பலர் இரண்டுக்கும் இரண்டும் என்றுதான் விளக்கினார்கள். என்றாலும் அழுத்தம் எங்கே விழுகிறது என்பது படிக்கிறவருக்குத் தெரியும்.

ஹதீஸ்களிலும் இதே போக்குதான். ஒவ்வொரு நோய்க்கும் மருந்தை இறைவன் படைத்திருக்கிறான் என்று புகாரியில் இருக்கிறது. நாங்கள் மருந்து எடுத்துக்கொள்ளலாமா என்று வந்து கேட்ட கிராமத்து அரபிகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்ற பதில் கிடைத்ததாக அபூதாவூதும் திர்மிதீயும் பதிந்திருக்கிறார்கள். ஓதிப்பார்ப்பதற்கும் அனுமதி உண்டு, அதில் இறைவனுக்கு இணைவைப்பது கலக்காதவரை. இந்த அனுமதிக்கு அறிஞர்கள் வைத்த நிபந்தனைகளை இப்னு ஹஜர் தொகுத்துச் சொல்கிறார். ஓதப்படுவது இறைவனின் சொல்லாகவோ அவனுடைய பெயர்களாகவோ இருக்க வேண்டும். அரபியிலோ பொருள் விளங்கும் மொழியிலோ இருக்க வேண்டும். ஓதுதல் தானாக வேலை செய்வதில்லை, இறைவன் நாடினால்தான் பலிக்கும் என்ற நம்பிக்கை வேண்டும். மூன்றாவது நிபந்தனை உறுதியாக இருந்தால் ஓதுபவர் ஒருபோதும் உத்தரவாதம் தர முடியாது. நூறு சதவீதம் குணம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர் அந்த நிமிடமே இந்த வரம்பைத் தாண்டிவிட்டார்.

ஆயிஷா (ரலி) சொல்லும் செய்தி இதைவிட நெருக்கமானது. நபிகள் நாயகம் உடல்நலம் குன்றும்போதெல்லாம் பாதுகாப்புத் தேடும் அத்தியாயங்களைத் தாமே ஓதித் தம்மீது ஊதிக்கொள்வார். கடைசி நோயில் வலி கடுமையானபோது ஆயிஷா ஓதினார். ஆனால் தடவிவிட நபிகளின் கையையே பிடித்து எடுத்துக்கொண்டார். அந்தக் கையின் பரக்கத் என்ற அருளுக்காக அப்படிச் செய்ததாக அவர் காரணம் சொல்கிறார். நோயாளியே ஓதிக்கொள்வது வழக்கம், இயலாதபோது வீட்டில் இருப்பவர் ஓதுவது அடுத்தது என்ற வரிசை இதில் தெளிவாக இருக்கிறது. கேள்வி கணக்கின்றிச் சொர்க்கம் செல்லும் எழுபதாயிரம் பேரைப் பற்றிய ஹதீஸிலும், அவர்களுடைய பண்புகளில் ஒன்றாகத் தங்களுக்கு ஓதிப்பார்க்கும்படி பிறரிடம் கேட்காதிருப்பது வருகிறது. பிறரிடம் கேட்பது குற்றமல்ல. ஆனால் மரபு உயர்த்திப் பிடிப்பது தானே ஓதிக்கொள்பவரை.

இன்றைய வழக்கம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டது என்பதே இந்தக் கட்டுரையின் முறையீடு. குர்ஆன் ஓதத் தெரிந்த வீட்டில்கூட நோய் வந்தால் ஓத வேண்டியவர் பள்ளிவாசல் ஹஜ்ரத் என்று ஆகிவிட்டது. வீட்டில் அலமாரியின் மேல்தட்டில், பட்டுத்துணி உறைக்குள் குர்ஆன் இருக்கிறது. ஒரு பாட்டில் தண்ணீரோடு பையன் பள்ளிவாசலுக்கு அனுப்பப்படுகிறான்.

ஓதுதலைச் சுற்றி எத்தனையோ வழக்கங்கள் வளர்ந்திருக்கின்றன. சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் 83 வசனங்கள் கொண்ட யாசீன் அத்தியாயம் ஓதப்படும். முப்பது பாகங்களையும் பலர் பகிர்ந்து ஓதிக் கத்தம் முடித்து, நோயாளிக்காக துஆ செய்வார்கள். வெள்ளைப் பீங்கான் தட்டில் குங்குமப்பூ மையால் வசனங்களை எழுதி, தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுப்பார்கள். இதற்குப் பீங்கான் எழுதுவது என்று பெயர். கறுப்புக் கயிறு, வெள்ளித் தாயத்து, கதவு நிலையில் ஒட்டும் காகிதம் என்று இது நீளும்.

இவற்றை எல்லா முஸ்லிம்களும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 1980களிலிருந்து தமிழகத்தில் பரவிய, ஓரிறைக் கொள்கையை வலியுறுத்தும் தவ்ஹீத் பிரசாரம், 2004-இல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் என்ற அமைப்பு உருவான பிறகு சிற்றூர்கள்வரை போய்ச் சேர்ந்தது. தாயத்துக் கட்டுவது இணைவைப்பு என்று எச்சரிக்கும் ஹதீஸை முன்வைத்து, தாயத்தையும் தர்கா நேர்ச்சையையும் அவர்கள் அடியோடு மறுக்கிறார்கள். குர்ஆன் வசனம் மட்டும் எழுதிய தாயத்துக்கு முற்கால அறிஞர்களில் சிலர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பது மறுதரப்பின் வாதம். ஒரே தெருவில் அண்ணன் வீட்டு வாசல்நிலையில் காகிதம் ஒட்டியிருக்கும், தம்பி வீட்டில் இருக்காது. இந்தச் சண்டையில் கவனிக்க வேண்டியது, ஃபாத்திஹா ஓதிப்பார்ப்பதை இரு தரப்புமே ஏற்கிறது என்பது. அங்கே ஒரு பொதுத்தளம் இருக்கிறது. கையில் கட்டும் பொருளைவிட வாயால் ஓதும் சொல்லுக்கே ஆதாரம் வலுவானது என்பதும் அதிலிருந்து விளங்குகிறது.

சரி, ஓதும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

தஜ்வீத் என்ற ஓதல் இலக்கண முறைப்படி ஓதுவதற்கு மூச்சைக் கட்டியாளத் தெரிய வேண்டும். சில எழுத்துகளை இரண்டு மாத்திரை நீட்ட வேண்டும், சிலவற்றை நாலைந்து, சிலவற்றை ஆறு. மூக்கொலியில் நின்று நகர வேண்டிய இடங்கள் உண்டு. நிறுத்தக் குறிகள் எங்கே மூச்சு வாங்கலாம், எங்கே கூடாது என்று சொல்லிவிடும். வெளியே விடும் மூச்சு நீளமாகவும் உள்ளே இழுக்கும் மூச்சு விரைவாகவும் ஆகிறது. நிமிடத்துக்கு எடுக்கும் மூச்சுகள் குறைகின்றன. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியும் கூட்டாளிகளும் 2001-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 23 பேரைக் கத்தோலிக்க ஜெபமாலையையும் யோக மந்திரத்தையும் சொல்ல வைத்து அளந்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாக இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தோடு ஒத்திசைந்தன. அந்த ஆய்வில் குர்ஆன் இல்லை. ஆனால் நீட்டி, நிறுத்தி, அளந்து ஓதும் எந்தப் பாராயணத்துக்கும் உடம்பு எப்படி இசையும் என்பதற்கு அது ஒரு வாசல். ஐந்து வேளை கடமையான தொழுகையில் மட்டும், தனியே தொழும் ஒரு முஸ்லிம் ஃபாத்திஹாவை 17 முறை ஓதுகிறார். நாள்தோறும் அத்தனை முறை மூச்சு நிதானத்துக்கு வருகிறது.

குர்ஆனை வைத்தே நடந்த ஆய்வுகளும் உண்டு. பெரும்பாலானவை ஈரான், இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்தவை. அறுவைச் சிகிச்சைக்கு முன்பும், டயாலிசிஸ் நேரத்திலும் ஓதுதலைக் கேட்கச் செய்து பதற்றத்தை அளந்திருக்கிறார்கள். ஈரானிய ஆய்வாளர்கள் 2018-இல் இத்தகைய 28 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, பதற்றம் குறைவதாக முடிவு சொன்னார்கள். ஆனால் இந்த வகை ஆய்வுகளில் பல சிறிய எண்ணிக்கையில் செய்யப்பட்டவை. ஓதுதல் காதில் விழுவதை நோயாளியிடமிருந்து மறைக்க முடியாது. அவருடைய நம்பிக்கையைத் தனியே பிரித்தெடுக்கவும் வழியில்லை. பதற்றம் தணிகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. அதைக் கொண்டு புற்றுநோய் கரையும், சர்க்கரை இறங்கும் என்று பேசுவது ஆய்வையும் குர்ஆனையும் ஒருசேரத் தவறாகப் பயன்படுத்துவது.

தமிழ்நாட்டிலேயே நடந்த ஓர் ஆய்வு இந்த விஷயத்தில் இன்னும் சிந்திக்க வைக்கிறது. வேலாயுதம்பாளையம்புதூரில் உள்ள முத்துசுவாமி கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்து வந்து தங்கவைக்கும் வழக்கம் உண்டு. அங்கே தங்கிய 31 பேரை பெங்களூர் நிம்ஹான்ஸைச் சேர்ந்த ரகுராமும் மற்றவர்களும் கவனித்து, 2002-இல் அதே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கியதில் நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. அங்கே கட்டிவைப்பதில்லை, அடிப்பதில்லை. வீட்டார் ஒருவர் கூடவே இருக்கிறார். நோயாளி கோயில் வேலைகளில் இயன்றவரை பங்கெடுக்கிறார். பயமில்லாத, மரியாதையுள்ள சூழலே மருந்தின் ஒரு பங்கைச் செய்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. பள்ளிவாசல் வாசலில் குழந்தையின் தலையில் பத்துப் பேர் கைவைத்துப் போகும்போது அந்தத் தாய்க்குக் கிடைக்கும் தெம்பும் இந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இதற்கு நேர் எதிரான பக்கத்தையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்கு வந்த மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கீற்றுக்கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். தர்காவின் தீர்த்தமும் விளக்கெண்ணெயும் குணம் தரும் என்று நம்பி, தூர ஊர்களிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டவர்கள் அவர்கள். பல குடும்பங்கள் நம்பிக்கையோடு கொண்டுவந்தன, சில குடும்பங்கள் கைகழுவவே கொண்டுவந்தன. ஒரே வாரத்தில் அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டு, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் எடுக்கப்பட்டார்கள். உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயாளியை எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது.

ஓதுதலுக்கும் அந்தச் சங்கிலிக்கும் மார்க்கத்தில் ஒரு தொடர்பும் கிடையாது. பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர், உடல், ஆன்மா இரண்டின் நலத்தையும் பற்றி ஒரு நூல் எழுதி, அச்சம், கோபம், துயரம், விடாத எண்ணங்கள் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்தார். எல்லாவற்றையும் ஜின் தலையில் போட்டுவிடும் வழக்கம் அந்த நூலின் முறை அல்ல. வலிப்பு வந்த பெண்ணை ஷைத்தான் பிடித்தவள் என்று பிரம்பால் அடிப்பவர் தம்மை இந்த மரபின் வாரிசு என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஏர்வாடிக்குப் பிறகு திருந்திய வழியும் கண்முன்னே இருக்கிறது. குஜராத்தில் உனாவா ஊரின் மீரா தாத்தார் தர்காவில் மருந்தும் துஆவும் என்ற ஏற்பாடு 2008 வாக்கில் தொடங்கியது. தர்காவின் பணியாளர்களான முஜாவர்களுக்கே பயிற்சி கொடுத்து, ஓதிவிட்டு நோயாளியை அதே வளாகத்தில் உள்ள மருத்துவரிடம் அனுப்பும்படி செய்தார்கள். அந்த வழியைப் பார்த்து ஏர்வாடியிலும் தர்காவை ஒட்டியே மனநல மருத்துவம் கிடைக்க அரசு வழிசெய்தது. பெரம்பலூர்க்காரர்களுக்கு இன்னும் பக்கத்தில், திருச்சி முசிறி சாலையில் குணசீலம் பெருமாள் கோயில் இருக்கிறது. மனம் பேதலித்தவர்கள் 48 நாள் தங்கி வழிபடும் தலம் அது. அங்கும் இப்போது உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் இயங்குகிறது. உச்சிகாலத் தீர்த்தத்தோடு மாத்திரையும் உண்டு. அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டதால், மனநலத் துறைக்குத் திருச்சிக்கோ தஞ்சாவூருக்கோ ஓட வேண்டிய கட்டாயம் இப்பகுதிக்குக் குறைந்திருக்கிறது.

பணத்தையும் பேசியாக வேண்டும். ஆட்டு மந்தை ஹதீஸைக் காட்டி ஓதியதற்குக் கூலி வாங்கலாம் என்பார்கள், வாங்கலாம்தான். ஆனால் சூனியம் எடுக்க இத்தனை ஆயிரம், அதைத் தோண்டி எடுக்க இன்னும் இத்தனை ஆயிரம் என்று பயத்தை வளர்த்துப் பணம் கறப்பதற்கு அந்த ஹதீஸில் இடமில்லை. அந்தத் தோழர் நோயாளியின் மனத்தில் புதிதாக ஓர் அச்சத்தையும் விதைக்கவில்லை. நாட்டின் சட்டமும் இதில் தெளிவானது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவை புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு போன்றவற்றைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. கைப்பேசித் திரையில் ருக்யா, அதாவது ஓதிப்பார்த்தல், என்ற பெயரில் கட்டணத்தோடு வரும் விளம்பரங்களைப் பார்க்கும்போது அந்தச் சட்டத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் வீடுகளில் வளைகுடாவும் சிங்கப்பூர், மலேசியாவும் அன்றாடப் பேச்சு. கணவன் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருகிறவர். பிள்ளைகளின் படிப்பு, மாமியாரின் மருந்து, கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் கடன் எல்லாம் ஒரு பெண்ணின் தலையில். தூக்கம் வரவில்லை, நெஞ்சு படபடக்கிறது, காரணமின்றி அழுகை வருகிறது என்று அவள் சொன்னால், கண்ணேறு பட்டிருக்கும், ஓதிப்பார் என்று பதில் வருகிறது. அவள் ஓதட்டும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில் ஒரு விரிப்பை விரித்து உட்கார்ந்து, தன் குரலில், தன் மூச்சில், இறைவனிடம் தன் பாரத்தை இறக்கி வைக்கட்டும். அந்த அரைமணி நேரம் அந்த வீட்டில் அவளுக்கென்று இருக்கும் ஒரே நேரமாகக்கூட இருக்கலாம். அதோடு, அது மனச்சோர்வு என்ற நோயாகவும் இருக்கலாம், அதற்கு மருத்துவர் உண்டு என்று சொல்வதற்கும் அந்த வீட்டில் ஒருவர் வேண்டும்.

தானே ஓதுவதன் அருமை 2020-இல் எல்லாருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் ரமலான் பிறந்தபோது நாடு முழுவதும் பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்தன. குர்ஆனை மனனம் செய்த ஹாபிழின் பின்னால் நின்று கேட்கும் தராவீஹ் இரவுத் தொழுகை இல்லாமல் போனது. வீட்டில் தெரிந்தவர்கள் தெரிந்ததை ஓதினார்கள். பத்துச் சிறிய அத்தியாயங்கள் மட்டுமே மனப்பாடமாகத் தெரிந்த தகப்பனும் பிள்ளைகளுக்கு முன்னால் இமாமாக நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் கொடுத்த பழக்கம் பல வீடுகளில் தொடர்ந்தது.

பொருள் தெரியாமல் ஓதினால் பலன் உண்டா என்ற பழைய கேள்வியும் இதனோடு வருகிறது. ஓதுவதே நன்மை என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. 1111-இல் இறந்த இமாம் கஸ்ஸாலி தம் இஹ்யா என்ற பெருநூலின் எட்டாவது பகுதியைக் குர்ஆன் ஓதும் ஒழுங்குகளுக்கு ஒதுக்கி, புற ஒழுங்குகள் பத்து, அக ஒழுங்குகள் பத்து என்று வகுத்தார். உள்ளம் வேறெங்கோ இருக்க நாவு மட்டும் ஓடுவதை அவர் போதுமானதாகக் கொள்ளவில்லை. நின்று, யோசித்து, தன்னை நோக்கிச் சொல்லப்பட்டதாக எண்ணி ஓதச் சொன்னார். தமிழில் இதற்குத் தடை எதுவும் இல்லை. ஆ.கா. அப்துல் ஹமீது பாகவி இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் முழுக் குர்ஆனையும் தமிழில் தரும் பெரும்பணியைத் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை பல மொழிபெயர்ப்புகள் வந்துவிட்டன. துயரத்தில் இருப்பவருக்கு யூசுஃபின் கதை முழுதும், மகனைப் பிரிந்து அழுது கண்ணொளி இழந்த தந்தையோடு சேர்த்துத் தமிழில் தெரிந்திருந்தால், பிறகு அதையே அரபியில் ஓதும்போது குரல் தழுதழுக்கும். கேட்பதும் அப்படித்தான். தோழர் இப்னு மஸ்ஊதை ஓதச் சொல்லிக் கேட்ட நபிகள் நாயகம், ஓர் இடத்தில் போதும் என்று நிறுத்தினார். அவர் கண்களில் நீர் வழிந்துகொண்டிருந்தது.

இப்னுல் கய்யிம் தம் அனுபவம் ஒன்றை எழுதி வைத்திருக்கிறார். 1350-இல் இறந்த அந்த டமாஸ்கஸ் அறிஞர் மக்காவில் தங்கியிருந்தபோது நோய்வாய்ப்பட்டார். மருத்துவரும் கிடைக்கவில்லை, மருந்தும் கிடைக்கவில்லை. ஸம்ஸம் தண்ணீரில் ஃபாத்திஹாவை ஓதிக் குடித்துத் தம்மைத் தாமே குணப்படுத்திக்கொண்டதாகச் சொல்கிறார். ஓதுதலின் வல்லமைக்கு மேடையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் இந்தச் செய்தியிலும் மருத்துவர் இல்லாத நிலைமை முதலில் சொல்லப்படுகிறது, ஓதியவர் நோயாளியே. நபி மருத்துவம் பற்றி எழுதிய அதே ஆசிரியர் உணவு முறை, மூலிகை, மருத்துவரின் தகுதி என்று பக்கம் பக்கமாகப் பேசியவர்.

இனி ஜமாஅத்துகள் செய்யக்கூடியது என்ன என்பதுதான் மீதி. நோயோடு வருகிறவர் மருத்துவமனையைவிட முன்னால் பார்ப்பது பல நேரம் ஹஜ்ரத்தை. எனவே அந்த வாசலில் நிற்கும் ஆலிமுக்கு எது காய்ச்சல், எது வலிப்பு, எது மனச்சோர்வு, பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வரும் மனக்குழப்பம் எப்படி இருக்கும், தற்கொலை எண்ணத்தை எப்படிக் கண்டுகொள்வது என்ற அடிப்படை தெரிந்திருக்க வேண்டும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை மாதம் ஒரு ஜும்ஆவுக்கு அழைத்துப் பேச வைப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை. கட்டணமில்லாத மனநல உதவி எண் 14416, 2022 முதல் இயங்குகிறது; தொழுகை நேரப் பலகைக்குக் கீழே அதையும் எழுதி வைக்கலாம். மக்தபில் பிள்ளைகளுக்குக் கடைசி மூன்று அத்தியாயங்களைக் கற்றுக்கொடுக்கும்போதே, காய்ச்சலில் படுத்திருக்கும் பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓதவும் பழக்கலாம். அப்படி ஓதிய பிள்ளையின் கையிலேயே பாட்டியின் மாத்திரையையும் கொடுத்தனுப்பலாம்.